பெரிய நிறுவனத்துக்கு ரெஸ்ட் சேவை: எதை முதலில் முடிவு செய்வது?

கேள்வி இதுதான்: சிங்கப்பூரில் பல துறைகள் கொண்ட ஒரு நிறுவனம். நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் பழைய முறையான சோப் சேவைகளை விட்டு, ஹெச்டிடிபி வழியே பொருள்களை முகவரியிட்டு அழைக்கும் ரெஸ்டுக்கு மாறுகிறார்கள். ஒவ்வொரு துறையும் தன் போக்கில் ஏபிஐ (பிற நிரல்கள் அழைக்கும் முகப்பு) எழுதத் தொடங்கிவிட்டது. யூஆர்எல்லில் பெயரை ஒருமையில் வைப்பதா பன்மையில் வைப்பதா என்றே கூட்டங்கள் கழிகின்றன. எல்லோருக்கும் பொதுவாக எதை முதலில் முடிவு செய்ய வேண்டும்?

பன்மையில் வையுங்கள். அந்தப் பேச்சை இன்றோடு முடித்துவிடுங்கள். ஒருமையில் வைத்தாலும் குடி முழுகிப்போகாது. எல்லாத் துறைகளும் ஒரே மாதிரி வைத்தால் சரி. முகவரியில் வினைச்சொல் வேண்டாம், பொருளின் பெயர் போதும். வாடிக்கையாளர், அவருடைய கணக்குகள் என்று இரண்டு அடுக்குக்கு மேல் உள்ளே போக வேண்டாம். யூஆர்எல் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

பெரிய நிறுவனத்தில் உண்மையான சிக்கல் வேறு. உங்கள் சேவையை அழைக்கும் நிரல் உங்கள் கையில் இல்லை. அது பக்கத்துத் துறையுடையதாக இருக்கலாம். ஒப்பந்தத்துக்கு வந்தவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனதாகவும் இருக்கலாம். பதில் தாமதமானால் அது மறுபடி அழைக்கும். தெரியாத மதிப்பு வந்தால் விழுந்துவிடும். நீங்கள் ஒரு புலத்தின் பெயரை மாற்றினால் அதைத் திருத்த ஆள் இருக்காது. ஆகவே முதலில் முடிவு செய்ய வேண்டிய கேள்விகள் நான்கு. ஒரே கோரிக்கை இரண்டு முறை வந்தால் என்ன ஆகும்? பதிலே வராவிட்டால் என்ன ஆகும்? தரவு எந்த வடிவில் போகும்? நாளை மாற்ற வேண்டி வந்தால் யாரைக் கேட்டு மாற்றுவது?

இரண்டு முறை வரும் கோரிக்கை

ஒருவர் செயலியில் 250 வெள்ளி செலுத்துகிறார் என்று வையுங்கள். போஸ்ட் கோரிக்கை (புதிதாக ஒன்றைச் செய்யச் சொல்வது) வந்தது, சர்வர் பணத்தை எடுத்தது, தரவுத்தளத்தில் பதிவும் செய்தது. பதில் திரும்பும் நேரம் பார்த்து எம்ஆர்டி சுரங்கத்தில் இணைப்பு அறுந்தது. செயலிக்குத் தெரிவது டைம்அவுட் மட்டுமே. அது மறுபடி அனுப்பினால் 500 வெள்ளி போய்விடும். அனுப்பாமல் விட்டால் பணம் போனதா இல்லையா என்று வாடிக்கையாளருக்கும் தெரியாது, உங்களுக்கும் சொல்லத் தெரியாது.

ஹெச்டிடிபி விதிப்படி கெட் (படிப்பது), புட் (முழுதாக மாற்றி எழுதுவது), டெலீட் (நீக்குவது) மூன்றையும் எத்தனை முறை அனுப்பினாலும் விளைவு ஒரு முறை அனுப்பியதைப் போலவே இருக்க வேண்டும். போஸ்டுக்கும் பேட்சுக்கும் (ஒரு பகுதியை மட்டும் மாற்றுவது) அந்த உறுதி கிடையாது. அதை நீங்கள்தான் கட்ட வேண்டும். வழி எளிது. அழைப்பவர் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு தனித்த சாவியை உருவாக்கி ஹெடரில் (கோரிக்கையின் தலைப்புப் பகுதியில்) அனுப்புகிறார். அந்தச் சாவி முன்பே வந்திருந்தால் சர்வர் வேலையைத் திரும்பச் செய்யாமல் பழைய பதிலையே கொடுக்கிறது. வழி எளிதாக இருந்தாலும் கட்டும்போது தவறும் இடங்கள் அதிகம்.

முதல் தவறு அழைப்பவர் பக்கம் நடப்பது. பயனர் பொத்தானை அழுத்தும் கணத்தில் சாவி ஒரே முறை உருவாக வேண்டும். முதல் முயற்சிக்கு முன்பே அது சாதனத்தில் சேமிக்கப்பட வேண்டும். பலர் அதை ஹெச்டிடிபி நூலகத்தின் மறுமுயற்சிப் பகுதிக்குள் வைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் புதுச் சாவி போகும். பிறகு சாவி இருந்தும் இல்லாதது போலத்தான். ஏபிஐ விளக்கத்தில் இதைத் தனி வாக்கியமாக எழுதுங்கள்.

இரண்டாவது தவறு சர்வர் பக்கம். சாவி ரெடிஸ் என்ற தனிச் சேமிப்பில், பணப் பதிவு தரவுத்தளத்தில் என்று பிரித்து வைத்தால், இரண்டுக்கும் நடுவில் சர்வர் விழும் நாள் நிச்சயம் வரும். அன்று ஒன்று இரட்டைப் பதிவாகும், அல்லது நடக்காத வேலைக்கு "நடந்தது" என்று பதில் போகும். அழைப்பவரின் அடையாளம், சாவி இரண்டையும் சேர்த்துத் தனித்துவக் கட்டுப்பாடு போட்ட ஓர் அட்டவணை, பணப் பதிவு இருக்கும் அதே தரவுத்தளத்தில் இருக்கட்டும். இரண்டும் ஒரே டிரான்சாக்ஷனில் (எல்லாம் நடக்கும், அல்லது எதுவும் நடக்காது) எழுதப்படட்டும். "இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் எழுது" என்று இரண்டு படியாகச் செய்யாதீர்கள். ஒரே மில்லிவினாடியில் வரும் இரண்டு கோரிக்கைகளும் "இல்லை" என்ற பதிலையே பெறும். நேராக எழுத முயலுங்கள், தரவுத்தளமே ஒன்றைத் தடுக்கும்.

அந்த அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் கோரிக்கை உடலின் ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சிறு அடையாளம்), பதிலின் நிலை எண் (முடிவைச் சொல்லும் மூன்றிலக்க எண்), பதில் உடல் மூன்றும் இருக்க வேண்டும். அதே சாவி, அதே உடல், வேலை முடிந்திருந்தால் பழைய பதில். வேலை இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் 409 (மோதல்). அதே சாவியோடு வேறு தொகை வந்தால் 422 (ஏற்க முடியாத உள்ளடக்கம்). அதை அமைதியாக ஏற்றுக்கொள்வது ஆபத்து. சாவியை 24 மணி நேரம் வைத்திருப்பது பரவலான வழக்கம். ஆனால் வெள்ளிக்கிழமை இரவு தோற்ற தொகுப்பு வேலையைத் திங்கள் காலை யாராவது கையால் ஓட்டுவார்கள் என்றால் 24 மணி நேரம் போதாது. 7 நாள் வையுங்கள்.

நடுவில் வெளி வங்கியையோ ஃபாஸ்ட் போன்ற கட்டண முறையையோ அழைக்க வேண்டியிருந்தால், அந்த அழைப்பை உங்கள் டிரான்சாக்ஷனுக்குள் அடக்க முடியாது. முதலில் "அனுப்பப்போகிறோம்" என்ற நிலையையும் உங்கள் சொந்தக் குறிப்பு எண்ணையும் எழுதி உறுதி செய்யுங்கள். பிறகு அழையுங்கள். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும் முன் அந்தக் குறிப்பு எண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். நிலையைக் கேட்க வழியே தராத எதிர்த்தரப்போடு பணப் பரிமாற்றம் கட்டாதீர்கள். அதை ஒப்பந்தப் பேச்சிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

இருவர் ஒரே பதிவைத் திருத்தும் சிக்கலும் இதன் உறவுதான். கெட் பதிலோடு ஈடேக் (பதிவின் இப்போதைய பதிப்புக்கான அடையாளம்) கொடுங்கள், புட் வரும்போது அதைத் திருப்பித் தரும் இஃப்-மேட்ச் ஹெடரைக் கட்டாயமாக்குங்கள். இடையில் வேறொருவர் மாற்றியிருந்தால் 412 (நிபந்தனை பொருந்தவில்லை). ஹெடரே இல்லாமல் வந்தால் 428 (நிபந்தனை தேவை). இது இல்லாத இடத்தில் கடைசியாகச் சேமித்தவர் முந்தையவரின் திருத்தத்தை அழித்துவிடுவார், யாருக்கும் தெரியாது.

பதில் வராத நேரம்

டைம்அவுட் வெளியே நீளமாகவும் உள்ளே போகப் போகக் குறைந்தும் இருக்க வேண்டும். செயலிக்கு 10 வினாடி என்றால் கேட்வேக்கு (கோரிக்கைகள் முதலில் நுழையும் வாசல்) 8, சேவைக்கு 6, தரவுத்தளக் கேள்விக்கு 3. இது தலைகீழாக இருந்தால், செயலி கைவிட்டுப் போன வேலையைப் பின்புறம் இன்னும் செய்துகொண்டிருக்கும். அதற்குள் மறுமுயற்சியும் வந்து நிற்கும்.

மறுமுயற்சி ஒரே ஓர் அடுக்கில் மட்டும் இருக்கட்டும். மூன்று அடுக்குகளும் தலா மூன்று முறை முயன்றால், பயனர் ஒரு முறை அழுத்தியது அடித்தளத்தில் 27 அழைப்பாக இறங்கும். ஏற்கெனவே திணறும் தரவுத்தளத்தை அதுவே சாய்த்துவிடும். முயற்சிகளுக்கு இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே போங்கள். அதோடு சற்றுத் தாறுமாறான நேரத்தையும் கூட்டுங்கள். இல்லாவிட்டால் ஆயிரம் செயலிகளும் ஒரே வினாடியில் திரும்பி வரும்.

இணைப்புக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். வினாடிக்கு 200 கோரிக்கை, ஒவ்வொன்றும் 50 மில்லிவினாடி தரவுத்தள இணைப்பைப் பிடித்திருந்தால், ஒரே நேரத்தில் சராசரியாக 10 இணைப்பு போதும். அதே கேள்வி ஏதோ ஒரு நாள் 2 வினாடி எடுத்தால் 400 இணைப்பு வேண்டும். உங்கள் குளத்தில் (திறந்து வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பில்) 50தான் இருக்கிறது என்றால் மற்ற எல்லாம் வரிசையில் நிற்கும். இங்கே பெரும்பாலும் நடப்பது: சேவை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையும் அதே குளத்தில் இணைப்பு கேட்கும், கிடைக்காமல் தோற்கும். சேவையின் பிரதிகளை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் அந்தப் பிரதியைக் கொன்று புதிதாகத் தொடங்கும், மிச்சப் பிரதிகள் மேல் சுமை ஏறும், அவையும் வரிசையாக விழும். உயிர்ச் சோதனை தரவுத்தளத்தைத் தொடக்கூடாது. "போக்குவரத்து ஏற்கத் தயாரா" என்ற சோதனை வேறு, அதைத் தனியாக வையுங்கள்.

நிதித் துறையாக இருந்தால் இது வெறும் பொறியியல் ஆசையோடு நிற்பதில்லை. வங்கிகளுக்குச் சிங்கப்பூர் நாணய ஆணையம் விதித்திருப்பது: முக்கியமான ஒவ்வொரு கணினி அமைப்பும் திட்டமிடாமல் முடங்கும் நேரம் எந்த 12 மாதத்திலும் மொத்தம் 4 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. 4 மணி நேரம் என்பது ஏறத்தாழ 99.95 விழுக்காடு. உங்கள் சேவை ஒரு கோரிக்கைக்குப் பதில் சொல்ல வேறு ஐந்து சேவைகளை வரிசையாக அழைக்கிறது, ஒவ்வொன்றும் 99.9 விழுக்காடு என்றால், மொத்தம் 99.5தான், ஆண்டுக்குச் சுமார் 44 மணி நேர முடக்கம். ஐந்தையும் தனித்தனியாக மெருகேற்றிப் பயனில்லை. எந்த அழைப்பை உடனே செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்யலாம் என்று பிரியுங்கள். மின்னஞ்சல் அனுப்புவது, புள்ளிவிவரம் சேர்ப்பது எல்லாம் பிறகு செய்யும் வேலை வரிசைக்குப் போகட்டும். நீண்ட வேலைக்கு 202 (ஏற்றுக்கொண்டோம், இன்னும் முடியவில்லை) கொடுத்து, நிலையைப் பார்க்க ஒரு முகவரியும் கொடுங்கள்.

நம் ஊர்த் தரவு

வெளிநாட்டு மாதிரியைப் பார்த்து வடிவமைத்தால் இங்கே முதலில் இடறுவது பெயர். முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டாயப் புலம் வைப்பார்கள். தமிழருக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரை அங்கே போட்டால், கடிதம் அவர் அப்பாவை அழைத்துப் போகும். மலாய்ப் பெயரில் "பின்", "பின்தி" வரும். சீனப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும். அரசின் தனிநபர் தரவுச் சேவையான மைஇன்ஃபோ முழுப் பெயரை ஒரே புலமாகத்தான் தருகிறது. மாற்றுப் பெயருக்கும் ஹன்யு பின்யின் பெயருக்கும் தனிப் புலங்கள். அதையே பின்பற்றுங்கள்.

நம் அடையாள அட்டைகளில் "எஸ்/ஓ", "டி/ஓ" என்று வரும் சாய்கோடு இன்னொரு பொறி. பெயரை யூஆர்எல் பாதையில் வைத்துத் தேடினால் அந்தச் சாய்கோடு பாதையைப் பிளக்கும். சதவீதக் குறியீடாக மாற்றி அனுப்பினாலும் தப்பாது: அபாச்சி சர்வர் இயல்பு அமைப்பில் அதை 404 (கிடைக்கவில்லை) என்று திருப்பும், நடுவில் உள்ள சில பிராக்சிகள் (இடைத்தரகு சர்வர்கள்) அதை மறுபடி சாய்கோடாக்கிவிடும். சோதனைத் தரவில் இப்படி ஒரு தமிழ்ப் பெயர்கூட இல்லாததால் இந்தப் பிழை நேரடிப் பயன்பாட்டில்தான் தலைகாட்டும். தேடல் சொல்லை யூஆர்எல்லில் "?"க்குப் பிறகு வரும் கேள்விப் பகுதியில் வையுங்கள். தனிப்பட்ட விவரம் என்றால் போஸ்ட் உடலில் வையுங்கள்.

அதற்கும் மேல், என்ஆர்ஐசி (அடையாள அட்டை) எண்ணை யூஆர்எல்லில் எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள். யூஆர்எல் கேட்வே லாகில், பிராக்சி லாகில், கண்காணிப்புக் கருவியில் எல்லாம் தங்கிவிடும். 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்டாலோ ஒருவரை மிகத் துல்லியமாக அடையாளம் காண வேண்டியிருந்தாலோ தவிர, தனியார் அமைப்புகள் அந்த எண்ணைச் சேகரிப்பதற்கே இடமில்லை. தகவல் கசிந்து 500 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பாதிக்கப்பட்டால், அது அறிவிக்க வேண்டிய கசிவு என்று கணித்த 3 நாளுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் சொல்ல வேண்டும். ஒவ்வொருவருக்கும் பொருளற்ற ஓர் உள் அடையாளத்தைக் கொடுத்து, அதையே பாதையில் பயன்படுத்துங்கள்.

எண் சரிபார்ப்பிலும் கவனம் தேவை. வெளிநாட்டினரின் அடையாள எண் வெகு காலம் எஃப், ஜி என்ற எழுத்துகளில் தொடங்கியது. 2022 ஜனவரி 1 முதல் எம் வந்தது. பழைய எழுத்துகளை மட்டும் ஏற்கும்படி எழுதிய சேவை அன்று புதிதாக வந்தவர்களை நிராகரிக்கும். அந்தச் சரிபார்ப்பு ஒரே இடத்தில் இருந்தால் ஒரு திருத்தம். நாற்பது சேவைகளில் நகலெடுத்திருந்தால் நாற்பது திருத்தம்.

அஞ்சல் குறியீடு எண்ணல்ல, எழுத்துத் தொடர். மரினா பே சேண்ட்ஸின் குறியீடு 018956. அதை எண்ணாக அனுப்பினால் 18956 ஆகிவிடும். பேருந்து நிறுத்தக் குறியீடுகளுக்கும் இதே கதி. நீளமான கணக்கு எண்களும் எழுத்துத் தொடராகவே போகட்டும். ஜாவாஸ்கிரிப்ட் 9007199254740991க்கு மேல் முழு எண்ணைத் துல்லியமாகப் பிடித்து வைக்காது.

பணத்தைத் தசமப் புள்ளியோடு அனுப்பாமல் காசுக் கணக்கில் முழு எண்ணாக, நாணயக் குறியீட்டோடு அனுப்புங்கள். பொருள் சேவை வரி 2023இல் 8 விழுக்காடு, 2024இல் 9 விழுக்காடு என்று மாறியதே, அந்த விகிதத்தை அழைப்பவர் தன் நிரலில் பொதித்து வைக்கும்படி விடாதீர்கள். விகிதமும் வரித்தொகையும் உங்கள் பதிலில் வரட்டும். முழுமையாக்கும் இடத்தையும் எழுதி வையுங்கள். 50 காசுப் பொருள் மூன்றுக்குத் தனித்தனியே 9 விழுக்காடு போட்டு முழுமையாக்கினால் 15 காசு. மொத்தத்துக்குப் போட்டால் 14 காசு. இந்த ஒரு காசு கணக்குப் பிரிவில் மாதக் கடைசியில் பல மணி நேரத்தைத் தின்னும்.

பிறந்த தேதிக்கு நேரம் சேர்க்காதீர்கள், தேதியாகவே அனுப்புங்கள். 1982 ஜனவரி 1க்கு முன் சிங்கப்பூர் நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தைவிட ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தது. அதன் பிறகே எட்டு. 1975இல் பிறந்தவரின் தேதியை ஒரு சேவை நிலையான எட்டு மணி வித்தியாசத்தில் நள்ளிரவாகச் சேமித்து, இன்னொரு சேவை சிங்கப்பூர் நேர மண்டலக் கோப்பைக் கொண்டு படித்தால் முந்தைய நாள் இரவு 11.30 என்று வரும். பிறந்த நாள் ஒரு நாள் பின்னால் போய்விடும். இளையவர்களின் தரவை வைத்து மட்டும் சோதித்தால் இது கண்ணில் படாது.

பிழை, பட்டியல், அனுமதி

பிழையை 200க்குள் (வெற்றி என்ற நிலை எண்) பொதித்து அனுப்புவது சோப் காலப் பழக்கத்தின் மிச்சம். கண்காணிப்புத் திரை முழுக்கப் பச்சையாக இருக்கும், வாடிக்கையாளர் அழைப்பு மையத்தில் வரிசையில் நிற்பார். நிலை எண்ணைச் சரியாகக் கொடுங்கள். உடலுக்கு ஆர்எஃப்சி 9457 என்ற இணையத் தர ஆவணம் வகுத்த வடிவம் இருக்கிறது, அதையே எல்லாத் துறைகளும் எடுத்துக்கொள்ளுங்கள். மனிதர் படிக்கும் வாக்கியம் மாறலாம். நிரல் படிக்க மாறாத ஒரு குறியீடு தனியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாராவது உங்கள் வாக்கியத்தையே ஒப்பிட்டு நிரல் எழுதிவிடுவார்கள், பிறகு எழுத்துப்பிழையைக்கூடத் திருத்த முடியாது.

பட்டியலுக்கு முதல் நாளே வரம்பு வையுங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் என்ற தரவுச் சேவை ஓர் அழைப்புக்கு 500 பதிவுதான் தரும், அடுத்ததுக்கு எத்தனை தாண்ட வேண்டும் என்று சொல்ல வேண்டும். பேருந்து நிறுத்தம் போல அரிதாக மாறும் தரவுக்கு அது நன்றாகவே பொருந்தும். வினாடிக்கு வினாடி சேரும் பரிவர்த்தனைக்குப் பொருந்தாது: முன்னால் ஒரு வரி சேர்ந்தால் அடுத்த பக்கத்தில் பழைய வரி திரும்ப வரும். அங்கே "இந்தப் பதிவுக்குப் பிறகு" என்று சொல்லும் கர்சர்தான் சரி.

பாதுகாப்பில் அதிகம் கசியும் இடம் டோக்கன் (அழைப்பவரின் அனுமதிச் சீட்டு) அல்ல. கேட்வே டோக்கனைச் சரிபார்த்துவிட்டதே என்று சேவை நம்பி, கேட்ட கணக்கு கேட்டவருடையதா என்று பார்க்காமல் விடுவதுதான். ஓவாஸ்ப் என்ற மென்பொருள் பாதுகாப்பு அமைப்பின் ஏபிஐ ஆபத்துப் பட்டியலில் 2019இலும் 2023இலும் முதலிடம் இதற்கே. கேட்வேயால் இதைப் பார்க்க முடியாது, அதற்குக் கணக்கின் உரிமையாளர் யாரென்று தெரியாது. தரவுத்தளக் கேள்வியிலேயே உரிமையாளர் நிபந்தனையைச் சேருங்கள்; வேறொருவரின் கணக்கைக் கேட்டால் 404 கொடுங்கள்.

மாற்றம்

புதுப் புலம் சேர்ப்பது உடைக்காத மாற்றம் என்பார்கள். அழைப்பவர் தெரியாத புலத்தைப் புறக்கணித்தால்தான் அது உண்மை. நிலைப் பட்டியலில் புது மதிப்பு சேர்ப்பது அதைவிட ஆபத்து. "நிலுவை", "முடிந்தது" இரண்டை மட்டும் தெரிந்த நிரலுக்குத் "திரும்பப் பெற்றது" வந்தால் அது விழும், அல்லது அதை முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். தெரியாத மதிப்பை எப்படிக் கையாள வேண்டும் என்று ஏபிஐயை விவரிக்கும் ஓபன்ஏபிஐ கோப்பிலேயே எழுதுங்கள். சோதனைச் சூழலில் அவ்வப்போது அறிமுகமில்லாத ஒரு மதிப்பை அனுப்பியும் பாருங்கள்.

பழைய பதிப்பை மூட வேண்டுமென்றால் யார் இன்னும் அழைக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். அதற்கு ஒவ்வோர் அழைப்பாளருக்கும் தனி அடையாளம் வேண்டும். துறைக்கு ஒரு பொதுச் சாவி கொடுத்திருந்தால் ஒருவரையும் கண்டுபிடிக்க முடியாது. மூடும் தேதியை சன்செட் ஹெடரில் போடுங்கள், ஆனால் அதைப் படிப்பவர் குறைவு. ஆகவே மூடுவதற்கு முன், அறிவித்துவிட்டு, அலுவலக நேரத்தில் 15 நிமிடம் நிறுத்திப் பாருங்கள். மின்னஞ்சலுக்குப் பதில் சொல்லாதவர்கள் அப்போது தொடர்புகொள்வார்கள். மாதக் கடைசி, ஆண்டுக் கடைசி வேலைகள் ஓடி முடியும்வரை காத்திருங்கள்; ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் அழைக்கும் நிரல் லாகில் பதினொரு மாதம் தென்படாது.

பழைய சோப் சேவைகள்

எல்லாவற்றையும் ஒன்றாக மாற்ற முயலாதீர்கள். அழைப்பவர் இரண்டு மூன்று பேர் மட்டுமே உள்ள, ஆனால் எழுதும் வேலையும் உள்ள ஒரு சேவையை முதலில் எடுங்கள். படிப்பதற்கு மட்டுமான சேவையில் மேலே சொன்ன சிக்கல்களில் பாதி தெரியாது. சோப் செயல்களின் பெயரை அப்படியே போஸ்ட் முகவரிகளாக்கினால் பழைய சிக்கல் புது உடையில் வரும். பின்னால் உள்ள பொருள்கள் எவை என்று முதலில் வரைந்துகொள்ளுங்கள்.

பழைய மெயின்ஃபிரேம் கணினி நள்ளிரவில் கணக்கு முடிக்க ஒரு மணி நேரம் மூடுகிறதென்றால், புது ரெஸ்ட் முகப்பு அதை மறைக்க முடியாது. படிக்கும் கோரிக்கைக்குக் கேச்சிலிருந்து (முன்பே எடுத்து வைத்த நகல்), எத்தனை மணி நிலவரம் என்ற நேரத்தோடு பதில் கொடுங்கள். எழுதும் கோரிக்கையை வரிசையில் வாங்கி 202 கொடுங்கள். வாங்கவே முடியாதென்றால் 503 (இப்போது சேவை இல்லை), அதோடு ரிட்ரை-ஆஃப்டர் ஹெடரில் எத்தனை வினாடி கழித்து வர வேண்டும் என்ற கணக்கு. அந்தக் கணக்கில் அழைப்பாளருக்கு அழைப்பாளர் சில நிமிட வித்தியாசம் வையுங்கள்; இல்லையென்றால் மெயின்ஃபிரேம் திறந்த அதே வினாடியில் எல்லோரும் ஒன்றாக வந்து நிற்பார்கள்.